கோட்டுக்கு அடியில் ஒன்பது வீடுகள்

செப்டம்பர் 14, செவ்வாய்

அலுவலகத்தில் ஒரு டைரி மிச்சம் கிடந்தது. வருஷம் முக்கால்வாசி ஓடிவிட்டதால் யாரும் சீந்தவில்லை. எடுத்து வந்துவிட்டேன். முதல் பக்கத்தில் பெயர், வேலை, ரத்தப் பிரிவு, சட்டை அளவு எல்லாம் கேட்டிருக்கிறார்கள். பெயர்: சங்கரவடிவு. வேலை: பூவனேரி ஆற்று உபகோட்ட அலுவலகத்தில் வரைவாளர், இருபத்திரண்டு வருஷம். மற்றதை நிரப்பவில்லை. ஆகஸ்ட் வரை உள்ள பக்கங்கள் அப்படியே கிடக்கட்டும். எட்டு மாதமாக என்னிடம் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

இன்று உதவிப் பொறியாளர் மாசானம் புது வேலை கொடுத்தார். பூவனாற்று வெள்ளம் எதுவரை ஏறும் என்று பார்த்து வரைபடத்தில் சிவப்புக் கோடு போட வேண்டும். கோட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருப்பது படுகை. அங்கே இனி யாரும் கட்டக் கூடாது. ஏற்கெனவே கட்டியவர்களுக்கு மேட்டில் மாற்று மனை கொடுத்துவிட்டு வீட்டை இடித்துவிடுவார்கள். வெள்ள நேரத்தில் யாரையெல்லாம் முதலில் கிளப்ப வேண்டும் என்பதற்கும் இதே படம்தான். ஒரு கோட்டுக்கு இரண்டு வேலை.

சார் சின்ன வயது, ஆர்வம் அதிகம். "ஆறு கைகால நீட்டிப் படுக்க எடம் இருந்தா ஊருக்குள்ள ஏன் மேடம் வரப்போவுது?" என்றார். சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த அலுவலகத்தில் ஆற்றின் பக்கம் நின்று பேசிய முதல் ஆள் இவர்தான்.

செப்டம்பர் 17, வெள்ளி

படுகையில் நடந்தோம். வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டால் ஜனங்கள் உடம்பில்தான் தொட்டுக் காட்டுகிறார்கள். வாழை போட்டிருக்கிறவர் இடுப்பைத் தொட்டார். மனை வாங்கிப் போட்டிருக்கிறவர் கணுக்காலைத் தொட்டார். எதிர்க்கரையில் குடியிருக்கும், இதில் நட்டமோ லாபமோ இல்லாத ஒருவர் நெற்றியைத் தொட்டார். சார் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். கடைசியில் நாங்கள் நம்பியது ஆற்றங்கரைக் கல்மண்டபத் தூணில் பழைய வெள்ளம் விட்டுப்போன வண்டல் கறையை. அதற்கு மனை கிடையாது.

வாழைக்காரர் பெயர் உச்சிமாகாளி. "படுகையில நாங்க பயிரு வைப்போம், செங்கல் வைக்க மாட்டோம். நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஆறு வந்து படுத்துட்டு, வண்டலப் போட்டுட்டுப் போவும். அது எடம், அது வருது. நாமதான ஒதுங்கணும்" என்றார்.

அந்தப் படுகையில்தான் செல்வி நகர் இருக்கிறது. மனை பிரித்து விற்றவர் தன் மகள் பெயரை வைத்தார். மகளை மதுரையில் மூன்றாவது மாடியில் கட்டிக்கொடுத்திருக்கிறார். செல்வி நகரில் இப்போது ஐம்பது வீடு. மேற்கு ஓரத் தெருவில் வீடுகள் கிழக்கு வரிசையில் மட்டும்தான்; எதிரே செங்குத்தான மண்மேடு. அந்த வரிசையில் நான்காவது வீடு என் தம்பி நயினாருடையது. சாரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

செப்டம்பர் 19, ஞாயிறு

நயினார் வீட்டில் மதியச் சாப்பாடு. அவியல் நன்றாக இருந்தது. தெருவில் மொட்டைமாடி வைத்த வீடு அவனுடையது மட்டும்தான்; மற்றவை எல்லாம் ஓட்டு வீடு. மாடிக்கு வெளிப்பக்கமாகப் படி வைத்து, அதற்கு ஒரு இரும்பு கேட்டும் போட்டிருக்கிறான். கேட் எதற்கு என்று கேட்டேன். "ஒரு அழகுக்குத்தான்க்கா" என்றான்.

ஐந்தாவது வீட்டுப் பாக்கியத்தாய் வந்து பேசிக்கொண்டிருந்தாள். முன் அறையில் வளையல், ரிப்பன், ஊக்கு விற்கிறாள். இரண்டு முழங்காலும் மடங்காது. கம்பை ஊன்றி, காலை அரைவட்டமாக வீசி வீசி நடக்கிறாள். அவள் புருஷன் ஞானதுரை மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சு குறைவு.

"ஆபீசுல பெரிய வேல பாக்குற ஆளு நம்ம தெருவுக்கு வந்து போறது எங்களுக்கெல்லாம் ஒரு தைரியம்லா தங்கச்சி" என்றாள். நான் பெரிய வேலை பார்க்கவில்லை, படம் வரைகிறேன் என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டாள்.

செப்டம்பர் 24, வெள்ளி

தூணில் இருந்த கறையின் உயரத்தை லெவல் கருவியால் செல்வி நகர்வரை கொண்டுவந்துவிட்டார்கள். புள்ளிகளைப் படத்தில் வைத்துச் சேர்த்தேன். கோடு மேற்கு ஓரத் தெருவின் ரோட்டின்மீதே ஓடுகிறது. கிழக்கு வரிசை வீடுகள் ஒன்பதும் உள்ளே. மூன்று தடவை சேர்த்துப் பார்த்தேன். பென்சிலில்தான். மதியம் சாப்பிட மறந்துவிட்டேன், அதனால் தலைவலி.

செப்டம்பர் 26, ஞாயிறு

நயினார் வந்திருந்தான். ஊரில் பேச்சு பரவிவிட்டது.

"கோடு போடுதியாமே. நம்ம வீடு எந்தப் பக்கம்க்கா?"

"இன்னும் மை போடல."

"பென்சில்ல எந்தப் பக்கம்?"

நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வரும்வரை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். மனை வாங்கும்போது என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா வேண்டாம்னு சொல்லிருப்ப" என்றான். அது சரிதான். மேட்டில் மாற்று மனை கொடுப்பார்களே என்றேன்.

"மனை குடுப்பாவ. பம்பாயில ஓட்டல் மாடிப்படிக்கு அடியில பன்னெண்டு வருசம் படுத்துக் கெடந்தேன். நிமுந்து உக்காந்தா தல இடிக்கும். அதுக்காவத்தான் இந்த வீட்டு வாசக்கால அவ்ளோ ஒசரமா வச்சேன். அத இன்னொருக்கக் கட்ட எனக்குத் தெம்பு கெடையாதுக்கா."

அம்மா சாகும்போது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினேழு. அதற்கப்புறம் எதையும் அவன் என்னிடம் இரண்டாவது தடவை கேட்க வேண்டி வந்ததில்லை. இன்றும் ஒரு தடவைதான் கேட்டான்.

செப்டம்பர் 28, செவ்வாய்

மை போட்டேன். கோடு போடும் 0.3 மில்லிமீட்டர் பேனா அடைத்துக்கொண்டது. வெந்நீரில் ஊறப்போட்டும் சரியாகவில்லை. தலைப்பு எழுதுவதற்கென்று 1.2 பேனா ஒன்று உண்டு. அதில் போட்டேன். இந்தப் படம் பத்தாயிரத்துக்கு ஒன்று அளவு. தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் பத்து மீட்டர். ஆகவே என் கோடு தரையில் பன்னிரண்டு மீட்டர் அகலம். கோட்டின் வெளி விளிம்பு இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. அதில் இம்மியும் பிசகில்லை. உள் விளிம்பு வீடுகளின் புறவாசலுக்கு அந்தப் பக்கம் போகிறது. வீடுகள் கோட்டுக்கு அடியில் இருக்கின்றன. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. நான் எந்தப் பொய்யும் வரையவில்லை.

அக்டோபர் 1, வெள்ளி

"கோடு கொஞ்சம் தடிமனா இருக்கே மேடம்?"

"பஞ்சாயத்து போர்டுல ஒட்டுறதுக்கு சார். எட்ட நின்னு பாத்தாலும் தெரியணும்லா."

கையெழுத்துப் போட்டுவிட்டார். 0.3 பேனா தானாகவே சரியாகிவிட்டது.

அக்டோபர் 12, செவ்வாய்

தலையாரி வெள்ளைப்பாண்டி படத்தின் பிரதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளம் வந்தால் யார் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று கதவு எண் பட்டியல் எழுத வேண்டியது அவர் பொறுப்பு. மேஜைமேல் விரித்து, நகத்தால் கோட்டைத் தொட்டார்.

"யம்மா, உள்ள நாப்பத்தொரு வீடு எழுதிட்டேன். இந்த ஒம்போது வீடு கோட்டுக்கு அடியில கெடக்கே. இத எதுல சேக்க?"

"உள்ள இருக்கிறத மட்டும் எழுதுங்க அண்ணாச்சி."

"அப்போ இது வேண்டாம்?"

"உள்ள இருக்கிறத மட்டும்" என்றேன்.

அவர் காது இடுக்கிலிருந்த பென்சிலை எடுத்து எதையோ எழுதிவிட்டுப் போனார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நானும் கிளம்பிவிட்டேன். ஐந்தே கால் பஸ் அன்றாடம் லேட். இன்று மட்டும் முன்னாலேயே போய்விட்டது.

அக்டோபர் 20, புதன்

மேற்கு ஓரத் தெரு ஒன்பது வீட்டுக்கும் இடிப்பு நோட்டீஸ் வரவில்லை. நயினார் அரை டஜன் தேங்காய் கொடுத்துவிட்டான். வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 3, புதன்

மழை. அலுவலகக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. ஆற்று வெள்ளத்தைத் தடுக்கிற அலுவலகம் என்று வெளியே போர்டு இருக்கிறது.

நவம்பர் 11, வியாழன்

நான்கு நாளாக விடாத மழை. துணி காயவில்லை. படுகையில் உச்சிமாகாளி காய்த்த தார்களை எல்லாம் வெட்டி மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சார் சொன்னார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லையாம். மண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டாராம்.

நவம்பர் 16, செவ்வாய்

காலை பத்தே காலுக்கு அணையிலிருந்து வயர்லெஸ் வந்தது. அணை நிரம்பிவிட்டது, பதினொரு மணிக்கு எல்லா மதகும் திறப்பு. பூவனேரிக்குத் தண்ணீர் வந்து சேர ஐந்து மணி நேரம். சார் தாசில்தாருக்குப் போன் போட்டார். பட்டியலில் இருக்கிற நாற்பத்தொரு வீட்டுக்கும் தலையாரி தண்டோராவோடு கிளம்பிவிட்டதாகப் பதில் வந்தது. அவர்கள் தங்க மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள்.

தலைவலி என்று சொல்லி இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கினேன். செல்வி நகருக்குப் போனபோது மணி பதினொன்றரை. தெருவழியாகப் போகவில்லை, பின்பக்கம் வாழைத்தோப்பு வழியாகப் போனேன். முழங்கால்வரை சேறு. நயினாரிடமும் அவன் மனைவி உலகம்மாளிடமும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வந்த வழியே திரும்பிவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு அவர்கள் ஆட்டோவில் கிளம்பியிருப்பார்கள்.

அலுவலகத்தில் சேலையைக் கசக்கிக் காயப்போட்டுவிட்டு, ஈரப் பாவாடைமேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு மணிக்குத் தண்ணீர் கரையேறியது. சாயங்காலம் சார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மேடம், நம்ம கோட்டோட வெளி ஓரத்துல வந்து அப்படியே நின்னுருக்கு. ஒரு அடி கூடக் கொறையல" என்றார். அந்த நேரத்திலும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. வேலை தெரிந்தவனுக்கு வரும் சந்தோஷம் அது. அவரைக் குறை சொல்ல முடியாது.

நவம்பர் 17, புதன்

பாக்கியத்தாய் செத்துப்போனாள்.

நவம்பர் 19, வெள்ளி

என்ன நடந்தது என்று இன்றுதான் முழுதாகத் தெரிந்தது. பார்த்தவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் தண்டோரா போனபோது மேற்கு ஓரத் தெருக்காரர்கள் வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள், "எங்களுக்கும் உண்டா?" என்று. பட்டியலில் இல்லை என்று வெள்ளைப்பாண்டி சொல்லியிருக்கிறார். மதியத்துக்குள் உள்தெருக்கள் காலியாகிவிட்டன. இந்த ஒன்பது வீட்டில் எட்டு வீட்டார் இருந்தார்கள். நான்கு மணிக்குத் தண்ணீர் புறவாசல் வழியாக வந்திருக்கிறது. கால் மணி நேரத்தில் இடுப்பளவு. எதிரே இருந்த மண்மேட்டில் சேறு வழுக்கி ஏற முடியாமல், எல்லாரும் நயினார் வீட்டு மாடிக்கு ஓடியிருக்கிறார்கள். மாடிப்படி கேட் பூட்டியிருந்தது. ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கேட்டைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள். பிள்ளைகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்களாம். பாக்கியத்தாய்க்கு முழங்கால் மடங்காது. ஞானதுரை மதியமே ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போய், நீள வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தார். ரோட்டில் தண்ணீர் குறுக்கே வந்துவிட்டதால் திரும்பி வர முடியவில்லை. இரண்டு பேர் அவளைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். அதற்குள் வாழைமரங்கள் பெயர்ந்து வந்து மோதியிருக்கின்றன.

அடக்கத்துக்குப் போனேன். மழை விட்டிருந்தது. நயினார் வரவில்லை.

நவம்பர் 20, சனி

ஒன்றும் ஓடவில்லை.

நவம்பர் 23, செவ்வாய்

வெள்ளைப்பாண்டியைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஒன்பது வீட்டாருக்குச் சொல்லாமல் விட்டதற்காக. சார் என்னிடம் வந்து, "பட்டியல்ல ஏன் விட்டாரு மேடம் அந்த ஆளு? படத்துல தெளிவா இருக்கே" என்றார். படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 26, வெள்ளி

உலகம்மாள் வந்தாள். நயினார் சரியாகச் சாப்பிடுவதில்லை, வீட்டுக் கேட்டைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டான் என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்தாள். இரண்டு டஜன் கண்ணாடி வளையல், பச்சை.

"இத என்ன செய்யன்னு தெரியல மைனி. அன்னைக்கி ஆட்டோ ஏறும்போது பாக்கியத்தாயக்கா வாசல்ல நின்னு, எங்க போறியன்னு கேட்டாவ. நீங்க சொல்லித்தந்த மாரியே, என் தங்கச்சிக்கு வளைகாப்புன்னு சொன்னோம். 'வளைகாப்புக்கு வெறுங்கையோடயா போவிய, இரி'ன்னு உள்ள போயி கடையில இருந்து எடுத்துட்டு வந்து தந்தாவ. எனக்குக் கை வாங்க மாட்டேங்கி. ஒங்க தம்பிதான் 'வாங்கு, வாங்கு'ன்னு கண்ணக் காட்டுனாவ."

உலகம்மாளின் தங்கைக்கு வளைகாப்பு எதுவும் இல்லை. அவள் டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள்.

பதினாறாம் தேதியில் "சொல்ல வேண்டியதைச் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறேன். என்ன சொன்னேன் என்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். "வெள்ளம் வருதுன்னு நீ சொல்லிட்டுப் போனா, உன் வீடு கோட்டுக்கு உள்ளதான் இருக்குன்னு நீயே ஒத்துக்கிட்ட மாரி. நாளைக்கி நோட்டீஸ் வரும். உலகம்மா தங்கச்சிக்கு வளைகாப்புன்னு சொல்லிட்டுப் போ." இதுதான் நான் சொன்னது. யோசித்துத்தான் சொன்னேன். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன்.

தண்ணீர் அவ்வளவு தூரம் ஏறாது என்று நினைத்தாயா என்று யாராவது கேட்கக் கூடும். ஏறும் என்று எனக்குத் தெரியும். எதுவரை ஏறும் என்று என்னைவிடச் சரியாகத் தெரிந்தவர் இந்த ஊரில் யாரும் இல்லை.

நவம்பர் 29, திங்கள்

விசாரணை. அதிகாரி படத்தை மேஜைமேல் விரித்து நான்கு மூலையிலும் பேப்பர்வெயிட் வைத்திருந்தார். வெள்ளைப்பாண்டி சுவரோரம் நின்றிருந்தார். சவரம் செய்யவில்லை.

"கோட்டுக்கு அடியில கெடந்த வீட்ட நான் எதுல அய்யா சேக்க? இந்த அம்மாகிட்டயே கேட்டேன். உள்ள இருக்கிறத மட்டும் எழுதுங்கன்னாவ. நான் படிச்சவனா, அளந்து பாக்க?"

அதிகாரி என்னைப் பார்த்தார். பேனா அடைத்துக்கொண்டது என்று சொல்லலாம். அதை மறுக்க அங்கே யாராலும் முடியாது. சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சாக்குச் சொல்வேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் வெள்ளைப்பாண்டியின் கையைப் பார்த்தேன். தொப்பியின் விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தது.

"பேனா நல்லாத்தான் இருந்தது. நான்தான் தெரிஞ்சே தடிமனாப் போட்டேன். ஒன்பது வீடும் உள்ளே வரவேண்டியவை. நாலாவது வீடு என் தம்பி வீடு. அண்ணாச்சி கேட்டப்ப சொல்லாம விட்டதும் நான்தான்" என்றேன்.

அதிகாரி அரைப் பக்கம் எழுதினார். எந்தத் தேதியில் மை போட்டேன், எத்தனை மில்லிமீட்டர், யார் கையெழுத்து என்றெல்லாம் கேட்டார். பதினாறாம் தேதி பதினொன்றரை மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று கேட்கவில்லை. அது அவர் விசாரணையில் வரவில்லை. நானும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது வெள்ளைப்பாண்டி என்னைக் கும்பிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 2, வியாழன்

என்னைச் சஸ்பெண்ட் செய்த உத்தரவு வந்தது. வெள்ளைப்பாண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். புதுப் படத்தைச் சார் தானே உட்கார்ந்து வரைந்தாராம். கோடு ரோட்டின்மீது ஓடுகிறது.

சாயங்காலம் நயினார் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"ஒம்போது வீட்டையும் எழுதிக் குடுத்துட்டியாமே."

"ஆமா."

சண்டை போடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இடிக்கட்டும்க்கா. அந்த மாடில ஏறி நின்ன ஆளுவ மொகத்துல என்னால முழிக்க முடியல. 'நல்ல நேரத்துல நீங்க விசேசத்துக்குப் போயிட்டிய, தப்பிச்சிய'ங்காவ. ஒவ்வொருத்தரா வந்து சொல்லுதாவ."

சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்றான். போய்விட்டான்.

டிசம்பர் 5, ஞாயிறு

ஞானதுரையைப் பார்க்கப் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் தங்கியிருக்கிறார். உலகம்மாள் என்னிடம் விட்டுப்போன வளையல் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார்.

"இது அவ கடைச் சரக்குல்லா?"

"ஆமா. பதினாறாம் தேதி உலகம்மாகிட்ட குடுத்துவிட்டாவ."

"சொன்னா. நான் மண்ணெண்ணெய்க்குக் கெளம்பும்போதுதான் அவுகளும் கெளம்பிட்டிருந்தாவ." கொஞ்ச நேரம் வளையலை எண்ணினார். "நாமளும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோமா, உள்தெருக்காரன்லாம் போறானேன்னு நான் கேட்டேன்யம்மா. அவதான் வேண்டாம்னா. 'நயினார் அக்கா ஆபீசுலயே இருக்கா. ஆபத்துன்னா தம்பிகிட்டச் சொல்லாம இருப்பாளா? அவன் பாரு, நிம்மதியா வளைகாப்புக்குப் போறான்'னா."

நான் சொன்னேன். வளைகாப்பு கிடையாது என்றேன். தண்ணீர் வருவது தெரிந்து, நான் வந்து நயினாரிடம் சொன்னேன், உங்களிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போகச் சொன்னதும் நான்தான் என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வீட்டைக் காப்பாற்ற என்று காரணமும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் கத்தவில்லை. வளையலைப் பேப்பரில் திரும்ப மடித்துவைத்தார்.

"எத்தன மணிக்கு வந்து சொன்னிய?"

"பதினொன்றரைக்கு."

"தண்ணி வந்தது நாலு மணிக்கு."

"ஆமா."

விரல்விட்டு எண்ணினார். ஒருமுறை தப்பாகிவிட்டது போல, முதலிலிருந்து எண்ணினார்.

"நாலர மணி நேரம்" என்றார். "பள்ளிக்கூடத்துக்கு அவ நடைக்கு முக்கா மணி நேரம் ஆவும். நின்னு நின்னு போனாலும் ஒரு மணி நேரத்துல வந்துருப்பா."

நான் ஆமாம் என்றேன்.